பதினான்கு பேருக்கு வெந்நீர்

ஐப்பசி 1, சனி

நான்கு மணிக்குத் தொடங்கிய மழை ஏழு மணிக்கு ஓய்ந்தது. பின்சந்துச் சாக்கடை நிரம்பி வழிகிறது. பாசார் சந்தையிலிருந்து நனைந்தபடி திரும்பல். குடை பேருந்தில் போயிற்று. இந்த ஆண்டில் மூன்றாவது குடை.

என் நெஞ்சே, என் பேனாவே, மறுமொழி கூறாத வெள்ளைத் தாள்களே! உங்கள் முன் ஒரு குறையை வைக்கிறேன். கிள்ளான் நகரில், இந்தத் தாமான் குடியிருப்பில், முப்பது ஆண்டுகளாக மேடையேறி முழங்கும் ஒருவன் வீட்டில், குழாயைத் திருகினால் வெந்நீர் வருவதில்லை! வந்தாக வேண்டிய நாளோ இன்னும் இரண்டே வாரத்தில்.

உண்மையைச் சொன்னால், ஆவணி வரை இது ஒரு குறையே அன்று. காலை எட்டு மணிக்கே கழுத்து வியர்க்கும் ஊர் இது. குழாய் நீரே பாதி வெந்நீர். குறை பிறந்தது என் மகள் எழிலரசியின் திருமண நாளில். சம்பந்தியம்மா கேமரன் மலையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். அன்று விடியலில் நம் வீட்டில் குளித்துவிட்டு வெளியே வந்தார். ஈரத்தலையோடு, பந்தல் முழுதும் கேட்கும்படி:

"என்னா சம்பந்தி, பச்சத் தண்ணியிலயே குளிக்க வெச்சிட்டீங்க! எங்க மலையில நாய குளிப்பாட்டுனாகூட வெந்நிதான்!"

எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மண்டபத்தில் நன்றியுரை ஆற்ற என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டார்கள். அது கைக்கு வந்தால் நான் நானல்லேன். அன்று கூறியது, சொல் மாறாமல்: "தலைத் தீபாவளிக்கு வருகை தரும் என் மருமகனும் அவர்தம் குடும்பத்தாரும் என் இல்லத்தில் குழாயைத் திருகுவர். கொதிநீர் கொட்டும்! இது நான் நிற்கும் இந்த மண்ணின் மேல் ஆணை!"

கைதட்டல் நெடுநேரம். முதல் வரிசையில் ஒருத்தி மட்டும் தட்டவில்லை. என் மனைவி கலைச்செல்வி. (பிறப்பில் சரசுவதி. மணந்த அன்றே தூய தமிழில் பெயர் சூட்டினேன். முப்பத்திரண்டு ஆண்டாகியும் தெருவே சரசு என்றுதான் அழைக்கிறது. இனி இங்கே க.செ.)

வழக்கப்படி தலைத் தீபாவளிக்கு மணமக்கள் மட்டுமே பெண் வீட்டுக்கு வருவர். இம்முறை சம்பந்தியம்மாவும் வருகிறாராம், குடும்பத்தோடு. வெந்நீரைப் பார்வையிட.

வருவோர்: எழில், மாப்பிள்ளை பாலு, சம்பந்தி இருவர், மாப்பிள்ளையின் தங்கை. பெரியவன் வீட்டில் நால்வர், சொகூரிலிருந்து. சிறியவன் வீட்டில் மூவர், பினாங்கிலிருந்து. நாங்கள் இருவர். ஆகப் பதினான்கு. அனைவரும் விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்தாக வேண்டும்.

தீபாவளி தமிழர் விழா அன்று என இளமையில் பந்திங் வரை சென்று முழங்கியவன் நான். அன்றிரவு வீடு திரும்பியபோது க.செ. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். இரண்டு தின்றேன். அந்த வழக்கு அன்றோடு முடிந்தது.

ஐப்பசி 2, ஞாயிறு

காலை வெயில். பேருந்தில் பிரிக்பீல்ட்சு. வெந்நீர்க் கருவி விற்கும் கடை ஒன்று இருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். போகும் வழியில் வடை இரண்டு, தேநீர் ஒன்று. வடை நன்று.

கடையில் செல்வம் என்னும் இளைஞர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஐயா! சின்ன வயசுல அப்பா தோள்ல ஒக்காந்து ஒங்க பேச்ச கேட்டிருக்கேன் ஐயா!"

மகிழ்ச்சி. மறைப்பதற்கில்லை. அடுத்த கணமே அவர் பேச்சு நடையை மாற்றினார். "கதிரவ வெந்நீர்க் கலன் ஐயா. கூரைமேல் அமரும். பகலவன் பணிபுரிவான், பைசா கேளான்." என்னே மோனை! வெப்பத்தட்டு, காப்புறை, சேமிகலன் எனக் கருவியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழ்ச்சொல் வைத்திருக்கிறார். விலை இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி (ரிங்கிட்), பொருத்துகூலி உட்பட. கேட்க நினைத்த ஏழு கேள்விகளில் ஒன்றும் கேட்கவில்லை.

வரும் ஞாயிறு நேரில் வந்து கூரையை அளப்பார். அன்றே கையொப்பம். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாகப் பொருத்திவிடுவார்.

திரும்பும்போது பேருந்தில் அவர் தந்த தாளை இருமுறை படித்தேன். ஒரு பிழை இல்லை.

ஐப்பசி 4, செவ்வாய்

மழை. அலுவலகத்தில் கணக்கு முடிப்பு நாள். கண் எரிச்சல்.

வாங்குவது ஒரு நாள் செலவு, வைத்திருப்பது இருபதாண்டுச் செலவு. தொழிலாளரிடம் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன், இன்றைய விலையைப் பாராதே, நாளைய சுமையைப் பார் என்று! ஆகவே முறையாக ஒப்பிட்டேன். குளிப்போர் ஐவர் எனக் கொண்டு:

விறகு. பெரிய கலம், செங்கல் அடுப்பு. முதற்செலவு சிறிது. விறகு நாள்தோறும். புகை, சாம்பல், ஊதுகுழல், பக்கத்து வீட்டார் சினம். இவற்றுக்கு விலையிடத் தெரியவில்லை.

எரிவாயு. மாதம் ஓர் உருளை கூடுதல். ஓயாமல் சட்டி தூக்கல்.

மின்கருவி. கருவியும் கம்பி வேலையும் நானூற்று ஐம்பது. மாதம் பதினெட்டு வெள்ளி மின்கட்டணம் கூடும் என்கிறார் அலுவலக மின்பணியாளர். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதுக்கருவி. இருபது ஆண்டில் ஐயாயிரத்து எழுநூறுக்கு மேல்.

கதிரவன். முதலில் இரண்டாயிரத்து எண்ணூறு. பழுது, மழைக்கால மின்துணை சேர்த்தாலும் இருபது ஆண்டில் நாலாயிரத்து இருநூறு.

ஆண்டு நீள நீளக் கதிரவன் வெல்கிறான்! சேமிப்பில் பெரும்பகுதி போகும். அடுத்த ஆண்டு பணி ஓய்வு வேறு. ஆயினும் எண்கள் பொய்யா. அடியில் இருமுறை கோடிட்டேன். சிவப்பு மையில்.

ஐப்பசி 5, புதன்

தூறல். முழங்கையில் சொறி.

எட்டு மணிக்குக் குடும்பக் கூட்டம். வந்தோர்: தலைவர் (நான்), உறுப்பினர் (க.செ.). கூட்டம் நடத்தப் போதிய எண்ணிக்கை உண்டு. க.செ. பயறு பொறுக்கியபடியே கலந்துகொண்டாள்.

தீர்மானம்: "கதிரவ வெந்நீர்க் கலன் ஒன்றை இவ்வில்லம் வாங்குகிறது." முன்மொழிந்தவர் நான். வழிமொழிய ஆளில்லை. தலைவரே வழிமொழியலாம் என விதி திருத்தினேன்.

"மழ காலத்துல சூரியன எங்க போயி தேடுவீங்க?"

"மின்துணை உண்டு."

"அப்பறம் எதுக்கு சூரியன்?"

வாக்கெடுப்பு. ஒன்றுக்கு ஒன்று. தலைவரின் முடிவு வாக்கை அளிக்கவிருந்த வேளையில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் தாளை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள்.

"என்னாங்க இது, குளிப்போர் ஐவர்னு போட்டிருக்கீங்க?"

"ஆம்."

"யாரு அந்த அஞ்சு பேரு?"

"நாம்தான். நான், நீ, பெரியவன், சிறியவன், எழில்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, மெல்ல: "பெரியவன் ஜொகூருக்குப் போயி ஏழு வருசமாச்சு லா."

வீட்டு வரிக்கும் அரிசிக் கணக்குக்கும் எந்தத் தாளை எடுத்தாலும் கை தானாகவே ஐந்து என்று எழுதிவிடுகிறது.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஐப்பசி 6, வியாழன்

ஐந்தை அடித்துவிட்டு இரண்டு என எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. பேனாவுக்கு மை நிரப்பினேன். மின்விளக்கின் தூசி துடைத்தேன்.

க.செ. தேநீர் வைத்துவிட்டுத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"சரி, தீபாவளி வரைக்கும் அஞ்சுன்னே இருக்கட்டும். அழிக்காதீங்க. ஆனா சாமான் வாங்குறது ரெண்டுக்கு வாங்குங்க."

இருவருக்குக் கணக்கிட்டேன். கதிரவன் தோற்றான். மின்கருவி ஆயிரம் வெள்ளிக்கு மேல் மலிவு. அதையும் சரிபார்க்கையில் வேறோர் உண்மை தெரிந்தது. நாங்கள் இருவரும் வெந்நீரில் குளிப்பதே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் தலை முழுகுவதற்கு ஒரு கெண்டி. எனக்குத் தொண்டை கட்டினால் ஒரு குவளை. இருபது ஆண்டுச் செலவு: கெண்டி ஒன்று.

நான் உரக்கச் சிரித்தேன். அவள் அடுப்படியிலிருந்து, "பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றாள். இல்லை. தெளிந்தது.

ஆனால் ஆணை? மண்ணின் மேல் இட்ட ஆணை? பதினான்கு பேர், ஒரே விடியல், குழாயில் கொதிநீர். அதற்கு விடை இன்னும் இல்லை.

ஐப்பசி 9, ஞாயிறு

வெயில், பின் இடி. சொன்ன நேரத்துக்குச் செல்வம் வந்தார், அளவுநாடாவும் ஒப்பந்தத் தாளும் கொண்டு.

வேண்டாம் எனச் சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து மூன்று தொடர்களை அமைத்து வைத்திருந்தேன். அவர் வாய் திறந்தார். "வணக்கம் ஐயா. இல்லம் ஒளிர, இளங்கதிர் தர, எளியேன் வந்தேன்." என் மூன்று தொடர்களும் எங்கோ போயின. அமருங்கள் என்றேன். ஒப்பந்தத் தாள் மேசைமேல் விரிந்தது. அவர் பேனா என் கையில். பெயரின் முதல் எழுத்தைப் போட்டும் விட்டேன்.

க.செ. சுடச்சுட நெய்த்தோசையும் மிளகாய்ச் சம்பலும் வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒரு சந்தேகம். தீபாவளி குளியல் எத்தன மணிக்கு?"

"விடியிறதுக்கு முன்ன ஆன்டி. நாலு, அஞ்சு மணிக்கு."

"அப்ப சூரியன் எங்க இருக்கும்?"

"முதநாள் சூடு தொட்டியில நிக்கும் ஆன்டி."

"முதநாளு மழ பெஞ்சா?"

செல்வம் தோசையைப் பிட்டபடி கூரையைப் பார்த்தார். அந்நேரம் பார்த்து வானம் இடித்தது. மூவரும் சிரித்துவிட்டோம்.

"உண்மைய சொல்லட்டா ஆன்டி? மழை நாள்ல பதினாலு பேருக்கு இது தாங்காது. நாலாவது ஆளுக்கே பச்சத் தண்ணி. எங்க வீட்டுல அம்மா இன்னும் அண்டாதான்."

"ரெண்டு பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு இது எதுக்கு ஆன்டி?" என்று சொல்லிவிட்டுத் தாமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எழுதிய முதல் எழுத்தைக் கிழித்து என்னிடமே கொடுத்தார். நல்ல பிள்ளை. ஏழு தோசை உண்டார். அந்தத் தமிழை எங்கே கற்றீர் எனக் கேட்டேன். "ஒங்க பேச்ச டேப்புல வெச்சிருக்கேன் ஐயா. வியாபாரம் பேசுறதுக்கு முந்தி ஒரு தடவ கேட்டுட்டுதான் கெளம்புவேன்." ஆக என் பேச்சே என்னிடம் இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு விலை பேசியிருக்கிறது. அதிலும் நான் மயங்கியிருக்கிறேன்.

ஐப்பசி 10, திங்கள்

மாலை பண்டமாரான். முத்துவைப் பார்க்க. துறைமுகத்தில் சரக்குந்து ஓட்டுபவர், என் பேச்சுக் கூட்டங்களுக்கு இருபது ஆண்டாக நாற்காலி ஏற்றி வருபவர். பற்றவைப்பு வேலையும் தெரியும். குறையை எடுத்துரைத்தேன். முழுதும் கேட்டார். நடுவில் இருமுறை கொட்டாவி.

"அண்ணே, ஒங்களுக்கு வேண்டியது கொழாயா, வெந்நியா?"

"இரண்டும்."

"ஹீட்டருன்னு நீங்க மைக்குல சொன்னீங்களா?"

நினைத்துப் பார்த்தேன். சொல்லவில்லை. "குழாயைத் திருகுவர். கொதிநீர் கொட்டும்." அவ்வளவே.

"அப்பறம் என்னாண்ணே? பந்திங்ல எண்ண கம்பெனியில சமையல் எண்ண தோங்கு சும்மா தராங்க. பின்னாடி செங்கல்லு வெச்சு அடுப்பு கட்டுறோம். தோங்கு மேல. அடியில ஓட்ட போட்டு பைப்ப வெல்டிங் பண்றோம். பாத்ரூம் செவுத்துல ஒரு ஓட்ட. உள்ள கொழாய். திருப்புனா வெந்நி! வெறகு துறமுகத்துல சரக்கு எறக்குற பலகை, ஒடஞ்சது, வேணும்ங்கிற அளவுக்கு."

தோங்கு என்றால் இடுப்புயர இரும்புப் பீப்பாய். இருநூறு லிட்டர். ஆளுக்கு ஒரு வாளி கொதிநீர், பச்சைத் தண்ணீர் கலந்து விளாவிக்கொள்ளலாம். பதினான்கு வாளி! கணக்கு அப்படியே பொருந்துகிறது.

முத்துவைக் கட்டித் தழுவினேன். "சட்டையெல்லாம் கிரீசுண்ணே," என்றார். பரவாயில்லை.

ஐப்பசி 12, புதன்

அரைநாள் விடுப்பு. தோங்கு வந்தது. அடுப்பு கட்டியாயிற்று. குளியலறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் துளை. உளி என் கட்டைவிரலில் இருமுறை. க.செ. பார்க்காதபோது ஒருமுறை மட்டுமே கத்தினேன்.

மாலை ஐந்து மணிக்கு வெள்ளோட்டம். பலகைகள் ஈரம். புகை வானளாவியது. பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் மாடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டே ஏதோ கூறினார். வாழ்த்து அன்று. க.செ. ஒரு தட்டு முறுக்குடன் போய் வந்தாள். அமைதி திரும்பியது.

ஒரு மணி நேரம். தோங்கு முனகியது. நான் உள்ளே சென்று குழாயைத் திருகினேன். முதலில் காற்று. பின் ஓர் இருமல். பின் கொதிநீர்! ஆவி! கண்ணாடி மறைந்தது! "வந்தது! வந்தது!" என நான் எழுப்பிய குரல் அடுத்த தெருவரை கேட்டதாம்.

க.செ. வாளியில் விரலை விட்டு விளக்கொளியில் பார்த்தாள்.

"என்னாங்க, மேல மெதக்குது?"

எண்ணெய். ஆலைத் தோங்கு. அடியில் எஞ்சிய சமையல் எண்ணெய் அத்தனையும் உருகி நீரோடு வந்திருக்கிறது.

"நல்லாதான் இருக்கு. எண்ணெயும் தண்ணியும் ஒண்ணாவே வந்துருச்சு. தேய்க்கிற வேல மிச்சம்!"

முத்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு எழிலின் திருமணத்துக்குப் பிறகு இன்றுதான்.

சோப்புத் தூள் இட்டு மூன்று முறை கொதிக்க வைத்துக் கொட்டினோம். மூன்றாம் முறை நீர் கண்ணாடி. ஒன்பது மணி. கை கருப்பு, மூக்கு கருப்பு, உள்ளம் வெள்ளை.

ஐப்பசி 13, வியாழன்

க.செ. இன்று தானாகவே கூட்டம் கூட்டினாள். இவ்வில்ல வரலாற்றில் முதல் முறை.

"அந்தச் சூரியன் காசு மிச்சம்தானே?"

"ஆம்."

"ஒங்க தாள்ல இன்னொரு கோடு போடுங்க. எழிலு வீட்டுல கொழாய தெறந்தாலே வெந்நி. ஹீட்டரு அவங்களே போட்டுட்டாங்க. நாம அங்க போயி குளிச்சா பஸ்ஸு காசு எவ்ளோ ஆவும்?"

முதலில் விளையாட்டு என நினைத்தேன். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு மாதமாகச் சந்தைக்குப் போனால் மூவர்க்குரிய கீரை வாங்கி வருகிறாள் என்பதை நான் கண்டும் கேட்காமல் இருந்திருக்கிறேன். ஐந்து என்று எழுதிய கை எனது மட்டுமன்று.

எழுதினேன். கிள்ளான், கோலாலம்பூர், தாப்பா, பிறகு கேமரன் மலையில் தானா ராத்தா. இருவர்க்கும் போக வர முப்பது வெள்ளி. ஆண்டுக்கு நான்கு முறை.

"ஆறு," என்றாள்.

ஆறு முறை. நூற்றெண்பது. பத்தாண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு. கருவி இல்லை, பழுது இல்லை, கம்பி வேலை இல்லை. ஒரு குளியலுக்கு எவ்வளவு எனக் கணக்கிட்டால் உலகிலேயே விலையுயர்ந்த வெந்நீர் இதுதான். அதைச் சொன்னேன்.

"அது குளிக்கிறதுக்கு. பொண்ண பாக்குறது ஓசிதானே?"

தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் க.செ. வழிமொழிந்தவர் தலைவர். எதிர்ப்பு இல்லை. நடுநிலை இல்லை.

ஐப்பசி 14, வெள்ளி

காலையிலிருந்தே மழை. நிற்கவே இல்லை. பலகைகளைத் தார்ப்பாயின் அடியில் போர்த்தினேன். இருமுறை போய்த் தொட்டுப் பார்த்தேன்.

பகல் இரண்டுக்குப் பெரியவன். நான்குக்குச் சிறியவன். ஆறுக்குக் கேமரன் மலையார். எழில் வாசலில் காலணியைக் கழற்றுமுன்பே, "அம்மா, என்னா மணம்! அதிரசமா?" என்று உள்ளே ஓடினாள். மாப்பிள்ளை ஒரு கூடை முட்டைக்கோசு, ஒரு கூடை காரட்டு. மாப்பிள்ளையின் தங்கை என் புத்தக அலமாரியின் முன்னே நின்றுவிட்டாள். அறிவுள்ள பெண்.

சம்பந்தியம்மா பையை வைத்தார். நேரே குளியலறை. குழாயைக் கண்டார். திருகினார். அடுப்பு மூட்டவில்லை அல்லவா, பச்சைத் தண்ணீர்.

"என்னா சம்பந்தி! இதுக்கா மைக்க புடிச்சு அவ்ளோ சத்தம்?"

பெரியவன் நிலத்தைப் பார்த்தான். எழில் என் முகத்தைப் பார்த்தாள்.

"தீபாவளிக்கு என்றேன், அம்மையீர். இன்று முந்தைய நாள்."

"பாப்போம், பாப்போம்! நான்தான் மொதல்ல குளிப்பேன், சொல்லிட்டேன்!"

பாய்கள் கூடத்தில் வரிசையாக. என் சாய்வு நாற்காலியில் யாரோ. குளியல் வரிசையைத் தாளில் எழுதி ஒட்டினேன். க.செ. தன் பெயரை மேலிருந்து அடித்துக் கடைசியில் எழுதிக்கொண்டாள். வடை மாவு அவள் பொறுப்பாம்.

மழை. இன்னும் மழை. பலகை நனைந்தால் என் ஆணையும் நனையும்.

ஐப்பசி 15, சனி. தீபாவளி

மூன்றே முக்கால் மணி. மழை நின்றிருக்கிறது! நட்சத்திரம் ஒன்று. தார்ப்பாயின் அடியில் பலகை உலர்ந்தே இருந்தது. தீ ஒரே குச்சியில் பற்றியது. முத்து சொல்லாமலே பண்டமாரானிலிருந்து வந்து நின்றார். "சும்மா, பாத்துட்டுப் போலாம்னு," என்றார். முக்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அடுப்பின் வெளிச்சத்தில்.

நான்கரை. தோங்கு பாடுகிறது.

நான்கு ஐம்பது. சம்பந்தியம்மா எண்ணெய் வழியும் தலையோடு. உள்ளே சென்றார். நானும் முத்துவும் சுவருக்கு வெளியே மூச்சடக்கி நின்றோம். திருகும் ஓசை. காற்று. இருமல். பிறகு ஒரே அலறல்:

"ஐயோ! சுடுது! சம்பந்தி, சுடுதே! பச்சத் தண்ணி எங்க இருக்கு?"

முத்து என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. ஆகா! மேடையில் வாங்கிய அத்தனை கைதட்டலும் இதற்கு ஈடா?

வெளியே வந்தார். முகமெல்லாம் சிவப்பு. பின்பக்கம் நடந்து வந்து தோங்கையும், அடுப்பையும், என் கரிமூக்கையும் பார்த்தார். இடுப்பில் கை வைத்தார். "வாயால மட்டும்தான் வேல செய்வீங்கன்னு நெனச்சேன் சம்பந்தி. கையும் இருக்கு." பிறகு, "எங்க ஹீட்டருலகூட இவ்ளோ சூடு வராது," என்றார். எழிலுக்குக் கேட்கும்படி இருமுறை சொன்னார்.

ஐந்தேகால். மாப்பிள்ளை. எழில் அவர் தலையில் எண்ணெய் வைக்கிறாள், அவர் கூச்சத்தில் நெளிகிறார். பெரியவன் பிள்ளைகள் இருவரும் சண்டை, யார் குழாயைத் திருகுவது என்று. இருவரும் திருகினர்.

ஐந்தேமுக்கால். பத்துப் பேர் முடிந்தது. முத்து பலகை தள்ளிக்கொண்டே இருக்கிறார். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வாளி பிடித்துவிட்டார்கள். தட்டினால் தோங்கில் வெற்றொலி. மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் ஆறிவிடும், இனி கொதிக்க நேரமில்லை.

ஆறு மணி பத்து. பன்னிரண்டு பேர் முடிந்தது. வீடு முழுதும் சீயக்காய் மணம், புத்தாடைச் சலசலப்பு. எஞ்சியோர் இருவர். நானும் அவளும். அடியில் ஒரே ஒரு வாளி. பிடித்து வைத்தேன். ஆவி பறக்கிறது.

தொண்டையைக் காக்க வேண்டியிருக்கிறது, மாலையில் பிரிக்பீல்ட்சில் பேச்சு இருக்கிறது, எல்லாம் சரி. எனக்குப் பச்சைத் தண்ணீர். முடிவாயிற்று. வாக்கெடுப்பு இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் இன்னும் வடை தட்டிக்கொண்டிருக்கிறாள். காய்ந்த தலை, பழைய சேலை. "பொறுங்க, இன்னும் ரெண்டு ஈடுதான்," என்கிறாள். கிழக்கு வெளுக்கிறது. எண்ணெய்க் கிண்ணம் என் கையில்.

கலைச்செல்வி! கரண்டியை மருமகளிடம் கொடு. அடுப்பை அவள் பார்த்துக்கொள்வாள். பதினான்காவது வாளி உன்னுடையது. நொடிக்கு நொடி ஆறிக்கொண்டிருக்கிறது. இனி ஒரு வடையும் வேண்டாம், ஒரு சொல்லும் வேண்டாம். தலையை இப்படிக் காட்டு. வா. இப்போதே வா!